நாசில் செக் நோட்டு

மிஷின் சுத்தமாகக் கெட்டுப்போனால் நல்லது. நின்றுவிடும், நாலு பேர் கூடுவார்கள், திட்டுவார்கள், சரி செய்வார்கள். கெட்டும் கெடாமலும் ஓடுகிறதே ஒரு மிஷின், அதுதான் ஆளைக் கொல்லும். சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில், பருப்பு கோடவுனுக்கு மேல்மாடியில், ஹரிகுமார் நடத்திவந்த லேபிள் அச்சகத்தில் அப்படித்தான் ஒரு மிஷின் ஆறு வாரம் ஓடியது.

அதை ஓட்டியவள் ஜெபமலர். களியக்காவிளைப் பக்கத்துக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. ஒரே மகள் ரெனி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஜெபமலர் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பதினோரு வருஷமாக அந்த மிஷினோடு குடித்தனம் நடத்தியவள். ஹெட்டுக்கு ஒரு நோக்காடு என்றால் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.

ஹெட் என்பது உள்ளங்கை நீளத்துக்கு ஓர் உலோகப் பெட்டி. அதன் அடித்தகட்டில் வரிசையாக ஆயிரத்துச் சொச்சம் துளைகள். நாசில் என்று சொல்வது இந்தத் துளையைத்தான். தலைமுடியைவிடச் சின்னது. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் மை நிற்க ஒரு குட்டி அறை இருக்கிறது. அறையின் சுவரில் ஒரு படிகத் தகடு. மின்சாரம் தொட்டதும் அந்தச் சுவர் முதலில் வெளிப்பக்கம் விரிந்து மையை உள்ளே இழுக்கும். அடுத்த கணமே உள்ளே அமுங்கி, ஒரே ஒரு துளியை உதைத்து வெளியே தள்ளும். இது வினாடிக்குப் பல்லாயிரம் தடவை நடக்கும். ஹெட் நின்ற இடத்தில் நிற்கும், கீழே லேபிள் சுருள் ஓடும். ஒவ்வொரு துளையும் தனக்கு நேர் கீழே ஓடுகிற கோட்டை மட்டும் பார்த்துக்கொள்ளும். அந்தத் துளை செத்தால் அந்தக் கோடு சுருள் முழுக்க வெள்ளையாகவே போகும், பக்கத்துத் துளை எட்டிப் பார்க்காது.

துளையின் வாயில் மை லேசாக உள்வாங்கி நிற்க வேண்டும். காற்றுப் பட்டுக் காய்ந்தால் பாலில் ஏடு கட்டுவது போலக் கட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த உதையும் பலிக்காது. அதனால்தான் வேலை முடிந்ததும் ஹெட்டை ஓர் ஈர ரப்பர் மூடியில் உட்கார வைப்பார்கள். காலையில் வந்ததும் நாசில் செக். ஒவ்வொரு துளையும் ஒரு சின்னக் கோடு போட்ட துண்டுக் காகிதம் வெளியே வரும். ஜெபமலர் அதை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். எல்லாக் கோடும் இருந்தால் துண்டை நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, அன்று ஓடப்போகும் வேலையையும் சுருள்களின் நம்பரையும் எழுதி, ‘ஓகே’ என்று போட்டுக் கையெழுத்து வைப்பாள். ஒரு கோடு விடுபட்டாலும் மிஷின் ஓடக் கூடாது. சுவரில் மலையாளத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது.

கோயில் சாமி ஊர்வலம் போகும் பங்குனி ஆறாட்டன்று வந்தது வினை. ஊர்வலம் கோட்டையைத் தாண்டினால் பஸ் கிடைக்காது என்று எல்லோரும் மூன்று மணிக்கே கிளம்பினார்கள். ஜெபமலர் மூடும் பொத்தானை அழுத்திவிட்டுக் குடையைத் தேடப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஹெட் மூடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். அடுத்த இரண்டு நாளும் லீவு. திறந்து பார்த்தபோது ஹெட் பாதி வழியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நாசில் செக் துண்டில் அடுத்தடுத்து மூன்று கோடுகள் இல்லை.

“அய்யோ, நான் நின்னு பாத்திருக்கணும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அச்சகத்தின் டெக்னீஷியன் வினய் வந்தான். கரமனை அக்ரகாரத்துப் பையன், முப்பத்து மூன்று வயது, பெங்களூரில் ஹெட்டுகளுக்கே வைத்தியம் பார்க்கும் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன். கெட்டிக்காரன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டு நாள் அந்த மூன்று துளைகளோடு மல்லுக்கட்டினான். வெதுவெதுப்பான திரவம் விட்டுக் கழுவினான், உறிஞ்சிப் பார்த்தான். உதையின் வேகத்தைக் கூட்டினான். கூட்டியபோது செத்தது செத்ததாகவே கிடந்தது. நன்றாக இருந்த துளைகள்தான் துளிக்குப் பின்னால் பொடித்துளி கக்கி எழுத்தைச் சுற்றிப் புகை போலப் பூசின. கையை விரித்துவிட்டான். புது ஹெட் கப்பலில் வந்து இறங்க ஆறு வாரமாகும் என்றார்கள்.

ஆறு வாரம் கதவைச் சாத்தினால் வேலை வேறு அச்சகத்துக்குப் போய்விடும். வினய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் முகம் மலர்ந்தது.

“அக்கா, இங்க பாருங்கோ. லேபிள மொத்தமா ஒரு மில்லிமீட்டர் கீழ தள்ளிட்டேன். அந்த மூணும் இப்போ ரெண்டு வரிக்கு நடுவுல உள்ள வெள்ளைல வரும். வெள்ளைல மை வேண்டாமே! ஒருத்தனுக்கும் தெரியாது, கேட்டேளா?”

உண்மையாகவே தெரியவில்லை. லேபிள் கண்ணாடி மாதிரி வந்தது. ஹரிகுமார் அவன் முதுகில் தட்டி, “மிடுக்கன்!” என்றார். ஜெபமலர் மட்டும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சாறே, மூணு கோடு இல்லாமலே இருக்கு. நான் எப்படி ஓகே எழுதுவேன்?”

“லேபிள் ஓகேதானே அக்கா? எழுதிக்கோங்கோ. நான் சொல்றேனே.”

“அப்போ நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க.”

“எதுக்கு இதெல்லாம்? நான் இங்கதானே இருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஹரிகுமார் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எழுதினாள். முதல் நாள் கை கூசியது. நாலாம் நாள் கூசவில்லை. பத்தாம் நாளுக்குப் பிறகு அந்த வெள்ளை இடம் துண்டில் இருக்க வேண்டிய ஒன்று போலவே ஆகிவிட்டது. என்ன செய்வது, மனுஷக் கண் அப்படித்தான் பழகித் தொலைக்கிறது.

இருபதாம் நாள், மருந்துக் கம்பெனி ஒன்று கைக்குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் லேபிளை மாற்றி அனுப்பியது. புதிதாக ஒரு எச்சரிக்கை வரியைச் சேர்த்திருந்தார்கள். குலுக்கிவிட்டுக் கொடுக்கவும் என்பதோ என்னவோ. அதற்கு இடம் விடக் கீழ்வரிகள் எல்லாம் கொஞ்சம் நகர்ந்தன. கம்பெனிக்காரர்கள் அதைத் திரையில் பார்த்துச் சம்மதம் சொன்னார்கள். திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, திரைக்கு நாசில் கிடையாதே. வினய் அன்று கொச்சிக்குப் போயிருந்தான். ஜெபமலர் வேலையை ஏற்றினாள், நாசில் செக் எடுத்தாள், அதே மூன்று கோடு இல்லை, ‘ஓகே’ எழுதினாள். ஆறு சுருள், பன்னிரண்டாயிரம் லேபிள் ஓடியது. நடுவில் ஒன்றைக் கிழித்துப் பார்த்தாள். ஒரு வரியில் எழுத்துகளின் அடி லேசாக மெலிந்திருந்தது. படிக்க முடிகிறதே என்று விட்டுவிட்டாள்.

புது ஹெட் வந்தது. மாட்டினார்கள். வினய் கம்ப்யூட்டரையும் சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றினான், பழைய வேலைகளின் கணக்கெல்லாம் அதோடு போயிற்று. நாசில் செக்கில் எல்லாக் கோடும் வந்தது. அதோடு அவரவர் அதை மறந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஹரிகுமார் மேலே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். முகம் வெளுத்திருந்தது. போனை ஜெபமலரிடமும் வினயிடமும் நீட்டினார். ஒரு மருந்துக் குப்பியின் படம். அவர்கள் அச்சடித்த லேபிள்தான்.

‘4 முதல் 5 கிலோ வரை’ என்று இருந்தது. அதற்கு எதிரே ‘05 மிலி’ என்று இருந்தது, ‘மி’ பக்கத்தில் வர வேண்டிய புள்ளியையும் காணோம். அடுத்த வரியில் ‘0.8’ பளிச்சென்று இருந்தது.

ஜெபமலருக்குப் புரிந்தது. 0.5. அரை மில்லி. வரியின் அடியில் உட்கார்ந்திருந்த புள்ளி, மூன்று துளை உயரம்தான் இருக்கும். வரி நகர்ந்து அந்தச் செத்த மூன்று துளைகளுக்குக் கீழே வந்ததில் எண்களுக்கு அடி மட்டும் தேய்ந்தது. புள்ளி இருந்த இடமே தெரியவில்லை. குப்பியோடு கொடுக்கும் பிளாஸ்டிக் ஊசிக்குழல் ஐந்து மில்லி பிடிக்கும்.

“குட்டிக்கு நாலு மாசம்” என்றார் ஹரிகுமார். “தகப்பன் தமிழன், கெட்டிட வேலை. ரெண்டு நாள் ஃபுல் சிரிஞ்ச் கொடுத்திருக்கான். குட்டி பெரியாஸ்பத்திரி ஐசியூவில். டாக்டர் தகப்பனைத்தான் வழக்கு பறஞ்சு ஏசினார். அங்கத்தெ பார்மசிஸ்ட் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு விட்டிருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் இங்க வரும்.”

வினய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். லே அவுட்... லே அவுட் மாறிடுத்தா? என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டான்.

ஹரிகுமார் அலமாரியைத் திறந்து நாசில் செக் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “ஜெபா, நான் பறயுறதக் கேளு. பழைய ஹெட் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல. இது மட்டும்தான் இருக்கு. இது இல்லேன்னா, ஏதோ ஒரு லேபிள் மோசமாப் போச்சு, ஒரே ஒரு லேபிள், அவ்வளவுதான். மனசிலாயோ? கீழ சாயக்கடை டீ அடுப்பில போடு.”

“மத்தக் குப்பி எல்லாம்?”

“எந்தக் குப்பி?”

“பன்னிரண்டாயிரம் ஓட்டியிருக்கு சாறே. எந்த சுருள்னு இதுல மட்டும்தானே எழுதியிருக்கு. இது போச்சுன்னா எந்தக் குப்பியத் திருப்பி எடுக்கணும்னு கம்பெனிக்கு எப்படித் தெரியும்?”

ஹரிகுமார் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்த மனுஷன் எதையும் பேசுவான். “முப்பத்தாறு பக்கம் கோடு இல்லாம இருக்கு. முப்பத்தாறிலும் ஓகே. ஒப்பு, கையெழுத்து, யாருது? என்னுதோ? வினயோடதோ? ரெனி படிச்சு முடிக்க வேண்டாமோ?”

ஜெபமலர் வினயைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். சாயக்கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நின்றாள். நிஜத்தைச் சொல்வதென்றால், பையின் ஜிப்பைத் திறக்கவும் செய்தாள். பிறகு ரெனிக்குப் போன் செய்தாள்.

“மோளே, நாலு மாசப் பிள்ளைக்கு அரை மில்லி குடுக்க வேண்டிய காய்ச்சல் மருந்த அஞ்சு மில்லி குடுத்தா என்ன ஆவும்?”

“எத்தன தடவ?”

“ரெண்டு நாள்.”

“ஈரல் போயிரும்மா. யாருக்கு? எந்தப் பிள்ளைக்கும்மா?”

“சும்மா கேட்டேன்” என்று வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போனாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பிள்ளை பிழைத்துக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அடுப்பில் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு இருந்திருக்கும். குழந்தைகள் ஐசியூ வாசலில் தமிழ் கேட்டது. சிமெண்ட் படிந்த கால் நகங்களோடு ஓர் ஆள் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் அந்தக் குப்பி. இரண்டடி தள்ளி அவன் பெண்டாட்டி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

யாரோ நோயாளிக்குத் துணைக்கு வந்தவள் என்று நினைத்து அவனே பேச்சுக் கொடுத்தான். பெயர் உச்சிமாகாளி, தென்காசிப் பக்கம். “அக்கா, நீங்க தமிழா? ஒங்களுக்கு வாசிக்கத் தெரியும்லா? இத ஒரு தடவ வாசிச்சுச் சொல்லுங்க” என்று குப்பியை நீட்டினான். “எம்பிள்ள நாலரைக் கிலோ. இந்த வரிதானே? என்ன போட்டிருக்கு?”

அவள் வாங்கினாள். தான் ஓட்டிய லேபிள் தன் கையில்.

“பூஜ்யம் அஞ்சு” என்றாள்.

“அஞ்சுதானே? பாத்தியா, அக்காவும் அஞ்சுன்னுதான் வாசிக்காவ!” என்று பெண்டாட்டியிடம் கத்தினான். அவள் திரும்பவில்லை. அவன் குரல் இறங்கிப்போயிற்று. “டாக்டரு ஏசுதாரு. கீழ பூஜ்யம் புள்ளி எட்டுன்னு இருக்கே, பெரிய பிள்ளைக்கே அவ்வளவுதான்னா சின்னப் பிள்ளைக்கு அஞ்சு எப்படிடா குடுப்பேங்காரு. நான் கீழ எங்க பாத்தேன்? எம்பிள்ள எட எந்த வரியோ அதத்தானக்கா பாப்பேன்? இவ அப்பவே சொன்னா, இம்புட்டு மருந்தா, வேண்டாம்னு. நான்தான் எழுதியிருக்குல்லான்னு பிடிச்சு ஊத்துனேன்.”

ஜெபமலர் தோளில் கிடந்த பையைப் பற்றிக்கொண்டாள். பைக்குள் நோட்டு இருந்தது. வாயைத் திறந்தால் இந்த ஆள் தன் கழுத்தைப் பிடிப்பான் என்று பயமாக இருந்தது. “கடவுள் காப்பாத்துவார்” என்று சொல்லிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டாள். ஆனால் அடுப்புப் பக்கம் போகவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஸ்ரீலட்சுமி வந்தார். ஹரிகுமார் அவரிடம் ஏதோ ஒரு லேபிள் பழுதாகியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜெபமலர் நோட்டை அவர் முன்னால் வைத்தாள். இருபதாம் நாள் பக்கத்தைத் தானே திறந்து காட்டினாள். “ஆறு சுருள், மேடம். நம்பர் எல்லாம் இருக்கு. வேகமா எடுக்கச் சொல்லுங்க.”

ஸ்ரீலட்சுமி நின்ற நிலையிலேயே கம்பெனிக்குப் போன் போட்டு நம்பர்களை வாசித்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“இந்தக் கோடு இல்லாதது நிங்களுக்குத் தெரியும். பின்னே எந்தினு ஓகே எழுதினது?”

“வினய் சார் எழுதச் சொன்னாரு.”

வினய் முன்னால் வந்தான். “லே அவுட் மாறினா எங்கிட்ட சொல்லணும்னு அக்காகிட்ட சொல்லியிருந்தேன், மேடம்.”

பச்சைப் பொய். ஜெபமலர் வாயில் ஈ போவது தெரியாமல் அவனைப் பார்த்தாள். பதிலுக்கு ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை. ஏனென்றால் அவன் சொல்லாவிட்டாலும் அவளுக்கே தோன்றியிருக்க வேண்டிய விஷயம் அது. பதினோரு வருஷம் மிஷின் ஓட்டியவள்.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள். ஹரிகுமார் அவளுடைய டிபன் பாக்ஸையும் குடையையும் ஒரு பையில் போட்டுத் தந்தார், முகத்தைப் பார்க்கவில்லை. கடைகளிலிருந்து குப்பிகள் திரும்பிவந்தன. பன்னிரண்டாயிரத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. மற்றவை யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றனவோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழந்தை இறந்தது.

அவள் போனாள். இந்தத் தடவை எதற்குப் போகிறாள் என்று தெரிந்தே போனாள். பிணவறைக்கு வெளியே, பூவரச மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. காகிதங்கள் வருவதற்குக் காத்திருந்தார்கள்.

“வாங்கக்கா” என்றான் உச்சிமாகாளி. “போயிட்டா.”

ஜெபமலர் அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். “தம்பி, நீ தப்பா வாசிக்கல. அதுல ஒரு புள்ளி உண்டும். அரை மில்லிதான். அந்தப் புள்ளி விழல. அந்த மிஷின ஓட்டுனது நான்தான். ஓட்ட அடைச்சுக் கெடக்குன்னு தெரிஞ்சே ஓட்டுனேன்.”

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். அவன் அடிக்கவில்லை.

“அன்னைக்கு நான் ஒங்க கையிலயே குடுத்தேனே” என்றான். “அஞ்சுன்னு வாசிச்சீயளே.”

“பயந்துட்டேன்.”

“மூணு நாளாச்சுக்கா. நான்தான் கொன்னேன்னு இவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. பிள்ள மூச்சு இருக்கும்போ உள்ள கூப்பிட்டாவ. நான் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? இவ மட்டும் போனா. நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்.”

அவளுக்கு அழுகை வந்தது, அதை இவன் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டாள்.

உச்சிமாகாளி சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தான். லேபிளின் ஒரு மூலை அவன் வியர்வையில் உரிந்திருந்தது. அவளிடம் நீட்டினான்.

“எங்க வரணும்? காட்டுங்க.”

அவள் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் நடுவில், அடியில், சுண்டுவிரல் நகத்தை வைத்தாள். “இங்க.”

அவன் அந்த இடத்தில் தன் நகத்தை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு பெஞ்சில் நகர்ந்து போய், குப்பியைப் பெண்டாட்டியின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“ஏ, இங்க பாரு. இங்க ஒரு புள்ளி வரணுமாம்” என்றான்.

அவள் திரும்பி, அவன் நகம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.